உடம்புல கோத்த நீர எடுக்க ஊசி குத்த போட்ட மார்க் அழிஞ்சு போன அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

உசிலைப்பையன்: ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நடந்தது, இன்னும் உறுத்துது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தாத்தா, நெஞ்சுல நீர் கோத்து மூச்சு வாங்குது. உக்கார வச்சு தலகாணி மேல சாயச் சொல்லி, ஸ்கேன் பாத்து பால்பாயிண்ட் பேனாவால குறி போட்டேன். ஸ்பிரிட், பெட்டாடைன்னு துடைச்சதுல குறி போயிருச்சு. க்ளவுஸ் போட்டாச்சு, சிரிஞ்சு கையில, முதுகு முழுக்க ஒரே பழுப்பு. நான் நிக்கிறது தெரிஞ்சு குனிஞ்சபடியே "என்ன தம்பி, எடம் தெரியலையா?"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியல. சீனியர் அண்ணன் வந்து எல்லாத்தையும் நிறுத்திட்டு மறுபடி ஸ்கேன் வச்சு, ஊசி மூடியோட வாய்ப்பக்கத்த தோல்ல அழுத்திப் பிடிச்சாரு. வட்டமா பள்ளம், துடைச்சும் போகல.

வார்டு அக்கா: தம்பி, பள்ளம் எல்லாருக்கும் ஒத்துவராது. உடம்பெல்லாம் வீங்கி வர்றவங்களுக்கு எங்க அமுக்குனாலும் குழிதான். வயித்து நீர் எடுக்க வந்த ஒரு அம்மாவுக்கு பாவாடை நாடா தடத்துக்கும் டாக்டர் வச்ச குழிக்கும் வித்தியாசமே தெரியல, நான்தான் கைய நீட்டி "சார் அது நாடா"ன்னேன். அழியாத மார்க்கர் பேனாவே நல்லது.

மேலூர்க்காரன்: எங்கப்பாவுக்கு ஸ்கேன் ரூம்ல ஒருக்களிச்சுப் படுக்க வச்சு மார்க் போட்டாங்க, வார்டுல உக்கார வச்சு அதே மார்க்ல குத்துனாங்க, சொட்டு நீர் வரல. அப்பா என் கைய இறுக்கிப் பிடிச்சது இன்னும் இருக்கு. எல்லாரும் கேட்டுக்கங்க, படுக்குற விதம் மாறுனா உள்ள நீரும் நகரும் தோலும் நகரும், அதனால மார்க் போட்ட நிலையிலயே குத்தச் சொல்லுங்க, முடிஞ்சா குத்துற எடத்துலயே ஸ்கேன் பாக்கச் சொல்லுங்க, விலாவுக்குக் கீழ்விளிம்புல நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது அதனால கீழ் விலாவோட மேல்விளிம்ப ஒட்டித்தான் குத்துவாங்க, ரெண்டு விரக்கட மாறுனாலும் வம்பு, அப்புறம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.

வார்டு அக்கா: நீங்க சொல்றது சரிண்ணே, ஆனா அவசரத்துல அதெல்லாம் நடக்காது. காத்து அடைச்சு நெஞ்சு இறுகி வர்ற விபத்து கேஸுக்கு மார்க் போட நேரமேது? விபத்துக் காயத்தப் பாக்க டாக்டருங்களுக்கான பயிற்சிப் புத்தகம் ஏ.டி.எல்.எஸ், அதோட 2018 பத்தாம் பதிப்புல பெரியவங்களுக்கு அந்தக் காத்த வெளியேத்த ஊசி குத்துற எடத்தையே அக்குள் பக்கம் 4, 5வது விலா இடுக்குக்கு மாத்திட்டாங்க, அங்க விரல்தான் மார்க்.

உசிலைப்பையன்: அக்கா, என் தாத்தாவுக்கு நேரம் இருந்துச்சு. அதான் உறுத்துது.