டி3 ஜோக்கர் வான்: பாரம் ஏத்தினா முன்பக்கம் பதியுது, ஸ்பிரிங் மாத்தவா ஸ்பேசர் போடவா?

ரூர்_வான்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜேர்மனியில டோர்ட்முண்ட் பக்கம் இருக்கிறன். என்னட்ட 1986ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி3 ஒண்டு இருக்கு, வெஸ்ட்ஃபாலியா கொம்பனி காம்பிங் வானா மாத்தின ஜோக்கர், 1.6 டர்போ டீசல், கூரை மேல எழும்புற மொடல். கோடை லீவுக்கு மனிசி, ரெண்டு பிள்ளையளோட பிரென்னர் கணவாயால இத்தாலி கார்டா ஏரிக்குப் போற யோசினை. பிரச்சினை என்னெண்டா சாமான் எல்லாம் ஏத்தின உடன வானின்ர மூக்கு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. வெறும் வானா நிக்கேக்க சக்கரத்தின்ர நடுவில இருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளந்து வச்சன், பிறகு ஏத்திப்போட்டு அளந்தா முன்பக்கம் 4 செ.மீ. கீழ வந்திட்டுது, பின்பக்கம் பெரிசா மாறேல்ல. அதோட வெறும் வானிலயே இடது பக்கம் வலதை விட 15 மி.மீ. பதிவு.

ஓடேக்க தெரியிறது: சின்ன மேடு ஏறினாலே முன்னால "டொக்" எண்டு அடிக்குது, ஹெட்லைட் வெளிச்சம் கிட்டத்திலயே விழுகுது, ஓட்டோபானில லொறி பக்கத்தால போனா வான் அலையுது, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டே இருக்க வேண்டிக் கிடக்கு. எஞ்சின் பின்னால இருக்கிற வானுக்கு முன்பக்கம் ஏன் இப்பிடிப் பதியுது எண்டு விளங்கேல்ல. முன்னால இருக்கிறது எண்டு பாத்தா, முந்தின ஆள் முன் பம்பருக்கு முன்னால பூட்டின இரும்பு புல்பார் (காவல் கம்பி), மூக்குக்குக் கீழ ஸ்பெயார் வீல், பக்கத்து சீற்றுக்குக் கீழ ரெண்டாவது பற்றறி, ட்ரைவர் தலைக்கு மேல இருக்கிற கூரைத் தட்டில வெய்யில் பந்தலும் அதின்ர கம்பியளும்.

ஒரு கராஜில கேட்டன், சொக் அப்சோபர் மாத்தினா எழும்பும் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ? இல்லாட்டி புது ஸ்பிரிங் வாங்கவோ? முன்னுக்கு ஸ்பிரிங்குக்கு உதவியாக் காத்தடிச்சு வைக்கிற எயார் பாக் போடலாமோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய_இரும்பு:

தம்பி, முதல்ல அந்தக் கராஜ்காரர் சொன்னதை விடுங்கோ. எண்ணெய் சொக் வானின்ர பாரத்தைத் தாங்கிறதில்ல, ஸ்பிரிங் ஆடுறதை அடக்கிறது மட்டும்தான் அதின்ர வேலை. காஸ் சொக்கா இருந்தா உள்ள இருக்கிற அழுத்தத்தால ஒரு துளி எழும்பின மாதிரித் தெரியும், அவ்வளவுதான். பாரம் முழுக்க ஸ்பிரிங்கிலதான் நிக்குது. சொக் ஒழுகுதெண்டா கட்டாயம் மாத்துங்கோ, ஆனா பதிவுக்கு மருந்தெண்டு நினைச்சு மாத்தாதேங்கோ.

நான் இந்த டி3 வேலை கன வருசமா செய்யிறன். நீங்கள் எழுதினதில எனக்கு முதல் கண்ணில பட்டது அந்த 15 மி.மீ. இடது வலது வித்தியாசம்தான். வயசு போய்ப் பதியிற ஸ்பிரிங் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவிலதான் பதியும். ஒரு பக்கம் மட்டும் இப்பிடி எண்டா அந்த ஸ்பிரிங்கின்ர கடைசிச் சுத்து உடைஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. தண்ணியும் குளிர்கால உப்பும் தேங்கி நிக்கிற சீற்றுக்குள்ள (ஸ்பிரிங்கின்ர முனை குந்தியிருக்கிற இடம்) அது கறள் பிடிச்சு உடையும், வெளியில நிண்டு பாத்தா தெரியாது, சக்கரத்தைக் கழட்டி டோர்ச் அடிச்சு, கம்பிப் பிரஷ்ஷால தேய்ச்சுப் போட்டுத்தான் பாக்க வேணும். உடைஞ்ச முனை மேலும் அரைச்சுக்கொண்டு வரும், அதோட பிரென்னர் ஏறுறது சரியில்ல. ஸ்பிரிங் நல்லா இருந்தா அடுத்தது அது இருக்கிற சீற், வானின்ர உடம்பில மேல் பக்கம் பிடிக்கிற இடம், சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ் ஆம் (arm), எல்லாம் ஸ்க்ரூட்ரைவரால தட்டிப் பாருங்கோ. கறள் தின்ன தகரத்துக்கு மேல புது ஸ்பிரிங் வச்சு ஒரு பிரயோசனமும் இல்ல.

எயார் பாக் கேட்டனீங்கள். டி3 இல முன்னுக்கு சொக் ஸ்பிரிங்குக்கு உள்ளாலதான் போகுது, நடுவில பாக் வைக்க இடமே இல்ல. பின்னுக்கு சொக் வேற ஸ்பிரிங் வேற, அங்க வைக்கலாம், ஆனா உங்களுக்குப் பின்னுக்குப் பிரச்சினை இல்லையே.

மாத்திறதெண்டா ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்கோ, ஒண்டு மட்டும் மாத்தாதேங்கோ. ஓடர் பண்ணேக்க கவனம், டி3க்கு விக்கிற ஸ்பிரிங்கில கனக்க வானை இன்னும் தாழ்த்திறதுக்குச் செய்தது, விலை மலிவெண்டு அதை எடுத்திட்டு வந்து நிக்கிற ஆக்கள் இருக்கினம். உங்களுக்கு வேண்டியது பழைய உயரத்துக்குக் கொண்டு வாற, பாரத்துக்கு ஏத்த ஸ்பிரிங். தொழிற்சாலையே கெட்ட ரோட்டுக்கெண்டு ஒரு தடிச்ச செட் அந்தக் காலத்தில ஒப்ஷனாக் குடுத்தது, அந்த வகையில கேட்டுப் பாருங்கோ.

ஹாம்_பொடியன்:

அண்ணை நான் என்ர டி3க்கு முன்னுக்கு ஸ்பிரிங்குக்கு மேல ஸ்பேசர் (உயரம் கூட்ட வைக்கிற தடிச்ச வளையம்) போட்டனான், முன்பக்கம் நல்லா எழும்பி நிக்குது. ஸ்பிரிங் செட்டோட பாக்கேக்க காசும் குறைவு. எனக்கு இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல, நீங்களும் அதையே போடலாம் எண்டு நினைக்கிறன்.

கோவைக்காரன்_மியூனிக்:

வணக்கம்ங்க. நான் மியூனிக்ல சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட வேலைதான் பாக்கறேன், அதனால இதுல கொஞ்சம் கணக்கு சொல்றேன், பொறுமையா படிங்க, ஏன்னா பொருள் வாங்கறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சா காசு மிச்சம்.

ஸ்பிரிங் பழசானா "பலம் போயிருச்சு"ன்னு எல்லாரும் சொல்றோம், ஆனா ஸ்டீலோட விறைப்புத்தன்மை வயசானா மாறாது. மாறறது ஸ்பிரிங்கோட நீளம். வருஷக்கணக்கா பாரத்துல நின்னு நின்னு அது நிரந்தரமா கொஞ்சம் குட்டையாயிரும். அதனால 100 கிலோ வெச்சா அது முன்னாடி எவ்வளவு அமுங்குச்சோ இன்னைக்கும் அவ்வளவுதான் அமுங்கும், ஆனா ஆரம்பிக்கற இடமே கீழ இருக்கு, அதனால ரொம்ப அமுங்கினா தடுக்கறதுக்கு வெச்சிருக்கற பம்ப் ஸ்டாப் ரப்பர்ல சீக்கிரம் இடிக்குது. உங்களுக்கு கேக்கற அந்த டொக் சத்தம் பெரும்பாலும் அதுதான். துரு மட்டும் வேற கதை. விறைப்பு கம்பி விட்டத்தோட நாலாவது அடுக்கைப் பொறுத்தது. 13 மி.மீ. கம்பி சுத்திலும் தேஞ்சு 12.5 ஆனா கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா ஸ்பிரிங் 15 சதவீதம் மெத்துன்னு ஆயிரும்.

இப்ப ஸ்பேசர். ஹாம் தம்பி சொன்னது தப்புன்னு சொல்லமாட்டேன். ஸ்பிரிங் நல்ல நிலைமைல இருந்து, கொஞ்சூண்டு உயரம் சரி பண்ணனும்னா போடலாம். ஆனா ஸ்பேசர் வண்டியைத் தூக்குமே தவிர ஸ்பிரிங்கை ஒரு இம்மி கூட விறைப்பாக்காது. இவருக்கு பாரம் ஏத்தினா 4 செ.மீ. இறங்குது, ஸ்பேசர் போட்டாலும் அதே 4 செ.மீ. இறங்கும். இன்னொண்ணு, ஸ்பிரிங் ஆம்ல சக்கரத்துக்கு உள்பக்கமா உக்காந்திருக்கறதால 10 மி.மீ. ஸ்பேசர் வெச்சா சக்கரத்துக்கிட்ட 10ஐ விட அதிகமா தூக்கும். நிறைய தூக்கிட்டா சக்கரம் கீழ இறங்கறதுக்கு இருந்த இடம் குறைஞ்சு போயி குழில சொக் முழுசா நீண்டு இழுபடும், மேல் பால் ஜாயின்ட்டும் கோணத்துல நிக்கும். அதனால பாரத்துக்குத் தீர்வு ஸ்பேசர் இல்லைங்க.

எஞ்சின் பின்னாடி இருந்தும் முன்பக்கம் ஏன் பதியுதுன்னு கேட்டீங்க. டி3ல நீங்க முன் சக்கரத்துக்கு மேலயே உக்காந்திருக்கீங்க. 60 லிட்டர் டேங்க் முன் அச்சுக்கு சட்டுனு பின்னாடி, நிரப்பினா டீசலே 50 கிலோ. அதனால முழு பாரத்துல ரெண்டு அச்சும் ஏறக்குறைய சமமா சுமக்குற மாதிரிதான் இந்த வண்டியை வடிவமைச்சிருக்காங்க. சக்கர இடைவெளி 2460 மி.மீ. புல்பார் ஒரு 25 கிலோன்னு வெச்சுக்குங்க, முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னாடி தொங்குதுன்னா முன் அச்சுல 25 ஏறாது, 35 ஏறும், ஏன்னா அது பின் அச்சை ஒரு 10 கிலோ தூக்கி விடுது. ஸ்பெயார் வீலும் அதே கதை. டிரைவர் தலைக்கு மேல இருக்கற தட்டுல வெக்கறது ஏறக்குறைய முழுசா முன் அச்சுக்கே போகும்.

லாரி போனா வண்டி அலையறதும் இதோட சேர்ந்ததுதான். மூக்கு 4 செ.மீ. இறங்கினா இந்த சக்கர இடைவெளிக்கு வண்டி ஏறக்குறைய 1 டிகிரி முன்னாடி சாயுது, அந்த அளவுக்கு காஸ்டர் கோணம் (பக்கத்துல இருந்து பாத்தா சக்கரம் திரும்பற அச்சு பின்னாடி சாஞ்சிருக்கற கோணம்) குறையும், ஸ்டியரிங் தானா நேர்கோட்டுக்கு வர்ற குணமும் குறைஞ்சிரும்.

அதனால முதல்ல எடை மேடைக்குப் போங்க. எல்லாரும் உள்ள உக்காந்து, தண்ணி டீசல் நிரப்பி, முன் சக்கரம் மட்டும் மேடைல, அப்புறம் பின் சக்கரம் மட்டும், தனித்தனியா எடுங்க. வாகனப் பத்திரத்துல 8.1ன்னு இருக்கற கட்டம் முன் அச்சு வரம்பு, 8.2 கட்டம் பின் அச்சு. வரம்பைத் தாண்டியிருந்தா எந்த ஸ்பிரிங் போட்டாலும் அந்த வரம்பு ஏறாது, பிரேக், பேரிங், டயர் எல்லாம் அதே பழசுதானே. டயர் பாரம் தாங்கற சி ரகமான்னும் பாருங்க, 185 ஆர்14 சி டயர்ல சுமை எண் 102ன்னு இருந்தா ஒரு டயருக்கு 850 கிலோ.

கன்ஸ்டான்ஸ்_அக்கா:

நானும் இவரும் டி3 இலதான் ஒவ்வொரு கோடையும் போறது, மெக்கானிக் விசயம் எனக்குத் தெரியாது, ஆனா சாமான் அடுக்கிறது என்ர பொறுப்பு, அதைச் சொல்லுறன். தலைக்கு மேல இருக்கிற தட்டில பாரமான சாமான் வைக்கிறதை நாங்கள் அடியோட நிப்பாட்டினாங்கள், இப்ப அங்க தலையணை, போர்வை, பிள்ளையளின்ர காத்தூதிற சாமான் மட்டும்தான். பந்தல் கம்பி, காஸ் அடுப்பு, ரின் சாப்பாடு, அரிசி மூட்டை எல்லாம் ரெண்டு அச்சுக்கும் நடுவில நிலத்தில, பின் சீற்றுக்குக் கீழ. தண்ணித் தாங்கியை வீட்டில நிரப்பாதேங்கோ. ஒரு லீற்றர் ஒரு கிலோ, காம்பிங்கில தண்ணி கிடைக்கும்தானே, குடிக்கிற அளவு கொண்டு போனால் போதும். சைக்கிள் பின்கதவில கொழுவினா முன்பக்கம் கொஞ்சம் லேசாகும், ஆனா பின் அச்சில சைக்கிள்ட பாரத்தை விடக் கூட ஏறும், அதைச் சாட்டா வச்சுக் கனக்கக் கொழுவக் கூடாது.

சாமானை இப்பிடி மாத்தி அடுக்கின பிறகே வானின்ர நிலை கண்ணுக்குத் தெரிய மாறிச்சு, தம்பி. காசு செலவழிக்க முதல் இதைச் செய்து பாருங்கோ.

ரூர்_வான்காரன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கிழமை முடிவில சக்கரத்தைக் கழட்டிப் பாத்தன். பழைய இரும்பு அண்ணை சொன்னது சரி, இடது ஸ்பிரிங்கின்ர கடைசிச் சுத்து உடைஞ்சு துண்டு சீற்றுக்குள்ளயே கிடக்குது. நல்ல காலம் சீற்றும் ஆமும் திடமாத்தான் இருக்கு. நிறுத்தும் பாத்தன், முன் அச்சு வரம்பைத் தாண்டேல்ல, ஆனா கிட்டத்தட்ட விளிம்பில நிக்குது, பின்னுக்குத் தாராளமா இடம் இருக்கு. புல்பாரைக் கழட்டி வித்துப்போட்டன், அக்கா சொன்ன மாதிரி பந்தலையும் கீழ இறக்கிட்டன்.

இப்ப ரெண்டு பக்கத்துக்கும் தடிச்ச ஸ்பிரிங் எடுக்கப் போறன், சொக்கும் பழசு, கழட்டுறதோட சேத்து மாத்துவம் எண்டு இருக்கிறன். நானே வீட்டில செய்யலாமோ? வாகனப் பரிசோதனை செய்யிற டியூவ் காரர் பிரச்சினை குடுப்பினமோ? வானுக்கு எச் நம்பர்தான், பழைய வாகனங்களுக்குக் குடுக்கிறது.

பழைய_இரும்பு:

புல்பாரைக் கழட்டினது நல்ல வேலை தம்பி.

வீட்டில செய்யிறது பற்றி: அமுக்கி வச்ச ஸ்பிரிங் விலகினா ஆளைக் கொல்லும், அதை லேசா எடுக்காதேங்கோ. நல்ல ஸ்பிரிங் கம்பிரசரும், வானை ஜக்கில விடாமல் ஸ்டாண்டில வைக்க இடமும், பக்கத்தில தெரிஞ்ச ஒரு ஆளும் இருந்தா செய்யலாம். அதில ஒண்டு குறைஞ்சாலும் கராஜில குடுங்கோ. ஆம் பொருந்திற ரப்பர் புஷ் போல்ட்டுகளை வான் தூக்கி நிக்கேக்க கடைசியா இறுக்கக் கூடாது. கையால பூட்டி விட்டிட்டு, சக்கரம் நிலத்தில பட்டு வான் தன்ர பாரத்தில நிக்கேக்கதான் இறுக்க வேணும், இல்லாட்டி ரப்பர் முறுகினபடியே நிண்டு கெதியாக் கிழியும். அங்க நிக்கேக்க கீழ் ஆம் எண்டதை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிற கம்பியின்ர ரப்பரையும் பாருங்கோ, வெடிச்சிருந்தா அதையும் மாத்துங்கோ, விலை சின்ன விலைதான், ஆனா அது ஆடினா வான் நேர ஓடாது.

டியூவ் விசயத்தில, பழைய அளவுக்கே வாற, உங்கட மொடலுக்கெண்டு செய்த மாற்று ஸ்பிரிங் எண்டா ஒரு கேள்வியும் வராது. உயரத்தை மாத்திற ஸ்பிரிங் எண்டா அதோட வாற பேப்பரைப் பாருங்கோ. ஏபிஇ (பாகத்துக்கான பொது அனுமதி) எண்டு இருந்தா அதில எழுதியிருக்கிற நிபந்தனைக்கு வான் பொருந்துதோ எண்டு பாத்து பேப்பரை வானில வச்சிருங்கோ, பாகத்துக்கான நிபுணர் அறிக்கை மட்டும் இருந்தா பூட்டின உடன டியூவ் இல காட்டிப் பதிய வேணும். ஒரு பேப்பரும் இல்லாத ஸ்பிரிங்கை எடுக்காதேங்கோ. எச் நம்பர் வான் எண்டபடியா வாங்க முதலே அவையளிட்ட ஒருக்காக் கேட்டிடுங்கோ.

கோவைக்காரன்_மியூனிக்:

ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். வீல் அலைன்மென்ட்டை மறந்துராதீங்க. உயரம் மாறினா கேம்பர் (சக்கரம் மேல உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயறது), டோ (சக்கரம் முன்னாடி உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கறது), காஸ்டர் மூணுமே மாறும். டி3ல கேம்பருக்கு மேல் ஆம்ல திருப்பினா ஆமோட இடம் மாறற எக்சென்ட்ரிக் போல்ட் இருக்கு, காஸ்டருக்கு அண்ணன் சொன்ன அந்த முன் கம்பியோட நட்டு, டோவுக்கு ஸ்டியரிங்கை சக்கரத்தோட இணைக்கற டை ராடு. பூட்டின அன்னைக்கே ஒரு தடவை செட் பண்ணிட்டு, ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி படிஞ்சதுக்கு அப்புறம் இன்னொரு தடவை செக் பண்ணுங்க. அதனால ஸ்பிரிங் வேலையை பயணத்துக்கு முந்தின வாரத்துக்குத் தள்ளாதீங்க, முன்னாடியே முடிச்சிருங்க. ஹெட்லைட் உயரத்தையும் அதே நாள் செட் பண்ணச் சொல்லிருங்க.

ஹாம்_பொடியன்:

கணக்கு இப்ப விளங்கிச்சு, நன்றி. வாற கிழமை நானும் என்ர வானை அச்சு அச்சா நிறுத்துப் பாக்கப் போறன். ரூர் அண்ணை, டோர்ட்முண்டில நீங்கள் நிறுத்த இடம் சனிக்கிழமை திறந்திருக்குமோ?

ரூர்_வான்காரன்:

ஓம் தம்பி, காலமை திறந்திருக்கும், தனிச் செய்தியில இடத்தை அனுப்பிவிடுறன். முன் அச்சு வேற பின் அச்சு வேற எண்டு முதலே சொல்லுங்கோ, சொல்லாட்டி மொத்தமா நிறுத்து ஒரு துண்டுதான் தருவினம்.