ரிசல்ட் கோடு: மறுமொழிக் குறியா, நிலைக்குறியா?

வணக்கம்.

தொலைபேசித் தடத்தில் கணினியை இணைக்கும் மோடம், ஓகே, எரர் என்று கணினித் திரைக்கு அனுப்பும் சிறு செய்திகள்தான் ரிசல்ட் கோடுகள். அவற்றுக்குத் தமிழில் 'மறுமொழிக் குறி' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மோடம் நடந்துகொள்ளும் விதத்தோடு அது ஒட்டவில்லை.

'ஏடி' என்று தொடங்கும் கட்டளைமுறை 1981இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தோடு வந்தது. 'கவனி' என்று மோடத்தை விளிக்கும் எழுத்துகள் அவை. கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினால் ஓகே அல்லது எரர் வருகிறது. அதுவரைக்கும் மறுமொழி சரிதான். ரிங் வந்தால்? நாம் எதுவும் கேட்கவில்லை. யாரோ அழைக்கிறார்கள், மோடம் தானாகச் சொல்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு அறுந்து, தரவைச் சுமந்து வரும் அலை (கேரியர்) இல்லை என்ற பொருளில் நோ கேரியர் என்று திரையில் விழுகிறதே, அது எந்தக் கேள்விக்கு மறுமொழி?

ரிசல்ட் என்பதை அப்படியே பெயர்த்த 'முடிவுக் குறி'யும் எனக்கு உவப்பில்லை. தமிழில் முடிவு என்றதும் ஒன்று முடிந்துபோனதாகத்தான் முதலில் படுகிறது. இணைப்பு கிடைத்ததும் வரும் கனெக்ட் என்பதோ தொடக்கம்.

என் பரிந்துரை நிலைக்குறி. மோடம் கட்டளை நிலையில் (தட்டுவதைத் தனக்கான கட்டளையாக எடுக்கும்) இருக்கிறதா, தரவு நிலையில் (தட்டுவதை எதிர்முனைக்கு அனுப்பும்) இருக்கிறதா என்பதுதான் அதனோடு பேசுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது. இணைப்பில் இருக்கும்போது ஒரு நொடி கையை எடுத்துவிட்டு, மூன்று கூட்டல் குறிகளைத் தட்டி, மறுபடி ஒரு நொடி சும்மா இருந்தால் ஓகே வரும். இணைப்பு அப்படியே இருக்கிறது, கட்டளை நிலைக்குத் திரும்பிவிட்டேன் என்பது அதன் பொருள். 'ஏடிஓ' என்று தட்டினால் கனெக்ட். மறுபடி தரவு நிலை. எல்லாக் குறிகளுக்கும் பொதுவாக நிற்பது நிலைதான்.

நிலைச்சொல் என்று வைத்தால் என்ன என்று கேட்கலாம். 'ஏடிவி1' என்றால் மோடம் சொற்களில் பேசும். 'ஏடிவி0' என்றால் வெறும் எண்: ஓகேக்கு 0, கனெக்டுக்கு 1, ரிங்குக்கு 2, நோ கேரியருக்கு 3, எரருக்கு 4. குறி என்ற சொல் இரண்டையும் தாங்கும். குறி சொல்வது, குறி கேட்பது என்று நம் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லும்கூட.

இந்தக் குறிகளின் அருமை எனக்கு ஓர் இரவில் தெரிந்தது. அமைவுகளை மாற்றிக்கொண்டிருந்தபோது கவனக்குறைவாக குறிகளை அனுப்பாதே என்னும் 'கியூ1' கொடுத்து, அதோடு எதிரொலியையும் (தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவதையும்) நிறுத்தி, '&டபிள்யூ' போட்டுச் சேமித்துவிட்டேன். பிறகு எதைத் தட்டினாலும் திரை வெறுமை. மின்சாரத்தை அணைத்துப் போட்டேன்; சேமித்த அமைவே திரும்ப ஏறியதால் அதே மௌனம். மோடம் செத்துவிட்டது என்றே நினைத்தேன். கடைசியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை எண்ணி எண்ணி, குறிகளையும் எதிரொலியையும் மீட்கும் 'ஏடிகியூ0இ1' என்று தட்டினேன். ஓகே வந்தது. மோடம் அத்தனை நேரமும் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தன் நிலையைச் சொல்லும் வாயை நான்தான் அடைத்திருக்கிறேன். அன்று எனக்குக் கிடைக்காமல் போனதை மறுமொழி என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

மோடத்துக்கு இணக்கி என்ற சொல் இருப்பதால் அதை நான் தொடவில்லை. மோடம் தன் அமைவு எண்களை வைத்திருக்கும் எஸ் ரெஜிஸ்டர்களுக்கும் பதிவகம் போதும்.

சிக்கல் கேரியரில்தான். ஊர்தி என்றால் வண்டி நினைவுக்கு வருகிறது. காவுதல் என்பது சுமப்பதைக் குறிக்கும் நல்ல வினை, ஆனால் 'காவி இல்லை' என்று திரையில் பார்த்தால் பலருக்கு நிறம்தான் தோன்றும். 'அலை அறுந்தது' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எஸ்7 பதிவகத்தில் குறித்த நொடிகளுக்குள் எதிர்முனை அலை வராவிட்டாலும் இதே குறிதான் வருகிறது. வராத அலை எப்படி அறும்? இப்போதைக்கு 'சுமப்பலை இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக, இரண்டு நிலைமைக்கும் பொருந்துகிற சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள், மாற்றிவிடுகிறேன்.