'டைம்லைன் கம்ப்ரெஷன்': காலச்சுருக்கமா, காலக்குறுக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூலக்கதையில் பல நூற்றாண்டு இடைவெளியில் நிகழ்பவற்றைத் திரைத்தழுவலில் ஒரே தலைமுறைக்குள் அடக்கிவிடுவதற்கு ஆங்கிலத்தார் வழங்கும் 'டைம்லைன் கம்ப்ரெஷன்' என்ற சொல்லுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பதற்காக இந்த இழையில் இதுவரை 'காலச்சுருக்கம்', 'காலமடிப்பு', 'காலவழு' என்ற மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' என்ற கற்பனைக் கதை இணையத் தொடரின் முதல் இரண்டு பருவங்களையும் பார்த்து முடித்த கையோடு எழுதுகிறேன். அதனால் என் எடுத்துக்காட்டுகள் அதிலிருந்தே வருகின்றன.

அத்தொடருக்கு அடிப்படை, டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலின் இறுதியில் சேர்த்த பின்னிணைப்புகள். அங்குள்ள ஆண்டு வரிசைப்படி, மாய மோதிரங்களைச் செய்த, எல்ஃப் என்னும் இறவா இனத்துக் கொல்லன் கெலெப்ரிம்போர் இரண்டாம் யுகத்தின் 1697ஆம் ஆண்டில் இறக்கிறான்; மனிதர்களின் தீவு நாடான நூமெனோரின் செங்கோலை அர்-ஃபரஸோன் கைப்பற்றுவதோ 3255இல். இடையில் கழிந்தவை 1,558 ஆண்டுகள். 2024இல் வெளியான இரண்டாம் பருவத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்துவிடுகின்றன. மூலத்தின் காலக்கணக்கை அப்படியே பின்பற்றினால் மனிதப் பாத்திரங்கள் பருவத்துக்குப் பருவம் இறந்துகொண்டே இருப்பார்கள் என்பது தொடரின் பொறுப்பாளர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணம். ('ஷோரன்னர்' என்பதற்குப் 'பொறுப்பாளர்' ஒட்டவில்லை என்பதை அறிவேன், அதற்குத் தனி இழை தொடங்கலாம்.)

'காலச்சுருக்கம்' என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கம், கதைச்சுருக்கம், பொருட்சுருக்கம் என்று பழகிய காதுக்கு அது ஒரு காலத்தின் வரலாற்றைச் சுருக்கி எழுதியது போல ஒலிக்கும் என்பதே. 'காலமடிப்பு' அழகான சொல். வேட்டியை மடிக்கும்போது எதையும் வெட்டாமலே தொலைவிலிருந்த இரு கரைகள் ஒன்றின்மேல் ஒன்று வந்து அமர்கின்றன. ஆனால் மடித்ததை எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். தழுவலில் மறைந்த 1,558 ஆண்டுகளை எந்தப் பருவத்திலும் பிரித்து எடுக்க முடியாது. மேலும், வெளியை மடித்துப் பாயும் அறிவியல் புனைவுகளுக்கு இச்சொல் தேவைப்படும் என்பதால் அவற்றுக்கே விட்டுவைக்கலாம்.

'காலவழு' என்பதைத்தான் உறுதியாக மறுக்கிறேன். வழு என்றாலே பிழை. சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் அத்தொடரை விரும்புகிறவர் அச்சொல்லை எப்படிப் பயன்படுத்துவார்? சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வாசலில் காத்திருப்பவரிடம் 'இதோ வந்துவிட்டேன்' என்று சொல்வதை, விரைவு கருதிக் கால வழுவமைதியாக, அதாவது பிழைபோல் இருந்தாலும் ஏற்கத்தக்கதாக, நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. தழுவலில் நேர்ந்தது வழுவா, வழுவமைதியா என்பது திறனாய்வாளர் வாதிட வேண்டியது. கலைச்சொல் அதற்கு முன்பே பேசிவிடக் கூடாது.

என் முன்மொழிவு 'காலக்குறுக்கம்'. இலக்கணத்தில் குறுக்கம் என்பது எழுத்து மாறாமல் அதன் மாத்திரை மட்டும் குறைவது. தனித்து ஒலிக்கையில் இரண்டு மாத்திரை பெறும் ஐகாரம், 'கடலை' என்னும் சொல்லின் இறுதியில் ஒரு மாத்திரையாகிறது. எழுதும்போதோ அது ஐகாரமாகவே நிற்கிறது. மாத்திரை என்பதே கால அளவு அல்லவா? நிகழ்ச்சி நின்று, அதற்குரிய காலம் மட்டும் குறைவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. 'இத்தொடர் காலத்தைக் குறுக்கியுள்ளது', 'காலம் குறுக்கிய தழுவல்' என வினையாகவும் எச்சமாகவும் இச்சொல் வளைந்துகொடுக்கிறது. 'குறுக்கே' என்ற பொருள் மயங்குமோ என்று கேட்கலாம். 'காலம்' முன்னால் நிற்கும்போது மயங்காது என நினைக்கிறேன்.

பார்வையாளனாக என் கருத்து வேறு: இத்தொடரில் காலக்குறுக்கம் கதையின் அடிவேரையே அறுத்துவிட்டது. நூமெனோரியர் எல்ஃபுகளின் இறவாமைமீது கொண்ட பொறாமை, அரசர்கள் தலைமுறை தலைமுறையாக மாண்டு மறைய, எல்ஃபுகள் மட்டும் மறையாமல் நிற்பதைக் கண்டு மெல்ல முற்றியது. எல்லோரையும் ஒரே ஆயுளுக்குள் நிறுத்திய பிறகு, எல்ஃபான கலாட்ரியலுக்கும் மனிதனான எலெண்டிலுக்கும் உள்ள வேறுபாடு காதின் கூர்மையளவே தெரிகிறது. இறவாமை வசனத்தில் வருகிறது, முகத்தில் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதல் பருவத்தின் இறுதியில் கலாட்ரியல் தன் அண்ணனின் குறுவாளைத் தர, அதை உருக்கி எல்ஃபுகளுக்கான மூன்று மோதிரங்களை முதலில் செய்கிறார்கள். டோல்கீனிடம் குள்ளர்களுக்குச் சென்ற ஏழும் மனிதர்களுக்குச் சென்ற ஒன்பதும் முந்தியவை, இந்த மூன்றும் பிந்தியவை. இங்கே குறைந்தது காலம் அன்று, மாறியது வரிசை. இதையும் காலக்குறுக்கத்தில் அடக்கினால் சொல் தளர்ந்துவிடும். இதற்கு 'நிரல்மாற்று' என்று ஒரு சொல் தோன்றுகிறது. செய்யுளில் சொற்களைப் பொருளுக்கேற்ப வரிசைப்படுத்திக் கொள்ளும் நிரல்நிறை, மொழிமாற்று என்னும் பொருள்கோள்களைப் பயின்றவர்கள் இது பொருந்துமா என்று சொன்னால், இரண்டு சொற்களையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றலாம்.