பள்ளி விடுமுறையில் மசாய் மாரா: கட்டுப்படியாகுமுங்களா?

கோபிக்காரம்மா:
பையனுக்கு விடுமுறை ஏப்ரல், மேயில்தான். மூன்று பேர். அவனுக்கு ஒரு சிங்கத்தையாவது கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் காட்டிவிட வேண்டும். ஏப்ரல், மேயில் அங்கே மழை, விலை குறைவு என்கிறார்கள். போகலாமுங்களா?

பொள்ளாச்சி வாசி:
தாராளமாகப் போங்க அம்மணி. நான் மே மாதம் போனவன். பெருமழைக் காலம்தான், ஆனால் நாள் முழுக்கக் கொட்டவில்லை. மாராவில் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200. வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான் இனக் கூட்டம் ஆறு தாண்டுவதைப் பார்க்கத்தான் ஜூலைக்கு மேல் போகணும். சிங்கம் வருசம் பூரா அங்கேயேதான் இருக்கும். நாங்கள் பார்த்த பெண் சிங்கம் நனைந்து, ரோமம் ஒட்டிப்போய், கரையான் புற்றின் மேல் ஏறி உடம்பை உதறியது. பக்கத்தில் வேறு வண்டியே இல்லை!

மண் நம்ம கரிசல் மாதிரி, நனைந்தால் சக்கரம் இறங்கிவிடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்க. செகனானி கேட் என்கிற காப்பக நுழைவாயிலுக்கு வெளியே தங்கினால் வாடகை குறையும். சில தங்கும் முகாம்களை மழைக்கு மூடிவிடுவார்கள், முன்பே கேளுங்க.

கோபிக்காரம்மா:
சரிங்கண்ணா. ஊசி ஏதாவது போடணுமா?

ஈரோட்டு நர்ஸ்:
மஞ்சள் காய்ச்சல் ஊசி, கிளம்ப 10 நாள் முன்பாவது. ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே தனிமைப்படுத்திவிடுவார்கள். அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போடணும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்க, பையனுக்கு எடை பார்த்துத்தான் கொடுப்பார்.