பழைய செராமிக் ராடைக் கழுவலாமா, கூடாதா?

வண்ணை_பழசு: பழைய செராமிக் ஷார்ப்னர் சேர்க்கிறவங்களுக்கு ஒரே வேண்டுகோள்: ராடை, அதாவது கத்தி தீட்டற அந்தச் செராமிக் குச்சியை, கழுவாதீங்க. அமெரிக்கக் கம்பெனி ஸ்பைடர்கோவோட ட்ரை-ஆங்கிள் ஷார்ப்மேக்கர், அதாவது அடிப்பெட்டித் துளையில முக்கோண ராடுங்களைச் சாய்ச்சு நிறுத்தற ஷார்ப்னர், 1978ல வந்தது. அந்தக் கம்பெனி கத்தி போட்டதே 1981லதான். ஷார்ப்னர்தான் மூத்த பிள்ளை. அப்படிப்பட்ட பொருள் மேல இருக்கிற கறுப்புக் கோடுகளும் வரலாறுதான். பழைய பித்தளையைப் புளி போட்டுத் தேய்ச்சா மதிப்பு போயிடும்னு மூர் மார்க்கெட் பக்கம் போனவங்க எல்லாருக்கும் தெரியும். இதுக்கும் அதே கணக்குதான்.

குருந்தம்: பித்தளைக் கணக்கு இங்க செல்லாது அண்ணே. பித்தளையைத் தேய்ச்சா போறது பித்தளை. ராடைத் தேய்ச்சா போறது கத்தியிலிருந்து ஒட்டின இரும்பு. ராடு அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு; கடினத்தைக் காட்டற மோஸ் அளவில் 9. சபீனா பவுடரும் பச்சை நாரும் அதுல ஒரு கீறல்கூடப் போடாது.

இன்னொண்ணு. கதையை 1978ல ஆரம்பிக்கிறீங்க. அலுமினாவோட இயற்கை வடிவத்துக்கு இங்கிலீஷ்காரன் வெச்ச 'கொரண்டம்'ங்கிற பேரே நம்ம தமிழ்ச் சொல்லான குருந்தத்திலிருந்து போனது. நம்ம பழைய சாணைச் சக்கரம் குருந்தத் தூளும் அரக்கும் சேர்த்துச் செஞ்சது. பொருள் அதேதான், அமெரிக்காக்காரன் குச்சியாக்கினான்.

வண்ணை_பழசு: அரக்குல ஒட்டினதைச் செராமிக்னு சொன்னா அப்பளத்தையும் செராமிக்னு சொல்லலாம். சூளையில சுட்டிருக்கணும் தம்பி. சக்கரம் வேகமா சுத்தினா சூட்டுல அரக்கு இளகும். சுட்ட பொருளுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது.

டர்னர்_தண்டையார்பேட்டை: சுட்டதுதான் செராமிக்னா நம்ம ஏரியாவை விட்டுட்டுப் பேச முடியாது. சாணைக்கல்லுக்குப் போடற கடினமான தூளான சிலிக்கான் கார்பைடை, அமெரிக்காவோட அச்சிசன் கண்டுபிடிச்சது 1891. 1954ல தொடங்கின சாணைக்கல் கம்பெனி கார்போரண்டம் யுனிவர்சலுக்கு திருவொற்றியூர்ல தொழிற்சாலை. பட்டறைக் கிரைண்டிங் வீல், எண்ணெய்க்கல் இதிலெல்லாம் பெரும்பாலும் தூளைக் களிமண்ணோட பிசைஞ்சு 1,200 டிகிரிக்கு மேல சுடுவாங்க. களிமண் கண்ணாடி மாதிரி உருகித் தூளைப் பிடிச்சுக்கும். அதுவும் செராமிக் பிணைப்புதான். இந்த வரிசையில அதைச் சேர்க்காம ராடை மட்டும் சேர்க்கிறது எந்த ஊர் நியாயம்?

ஆனா ரெண்டும் வேலை செய்யற விதம் வேற. வீல்ல பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமா உடையும். மழுங்கின தூள் உதிர்ந்து கீழே இருக்கிற புதுத் தூள் மேல வரும். ராடுல அலுமினாத் தூளே 1,500 டிகிரிக்கு மேல ஒண்ணோட ஒண்ணு இறுகிப் போயிருக்கும், அதனால உதிராது. உதிராத கல்லுல இரும்புத் தூள் குழியை அடைச்சா அப்படியே நிக்கும். அதுதான் அண்ணன் சொல்ற வரலாறு. அது மேல கத்தி வெச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். கோபத்துல அழுத்துவோம், கத்தி வாய் ஒரு பக்கம் மடங்கும்.

குருந்தம்: கழுவறது சுலபம். ராடை நனைச்சு, சபீனா போட்டு, பச்சை நாரால நீளவாட்டுல தேய்க்கணும். விரல்ல ஈரப் பிடிமானம் திரும்ப வந்தா போதும். கறுப்பு போகலைன்னா ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பவுடர் பூசி கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்க, கையுறை கட்டாயம். எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. இரும்புத் தூளோட சேர்ந்து குழம்பா இறுகிடும்.

மீன்கத்தி: குறுக்கே வர்றேன். காசிமேட்டுக் கத்திக்கு இந்த ராடெல்லாம் தாங்குமா?

டர்னர்_தண்டையார்பேட்டை: எலும்புல பட்டு வாய் பொக்கை விழுந்திருந்தா தாங்காது. முதல்ல சிலிக்கான் கார்பைடு கல்லுல, இல்ல சாணைக்காரர்கிட்ட பொக்கையை எடுத்துடணும். ராடு தீட்டறதுக்குத்தான், சாணை பிடிக்க இல்ல. துருவையும் முதல்லயே எடுங்க, அதுவும் ராடை அடைக்கும்.

மழுங்கினது மட்டும்னா, ராடுங்களை அடிப்பெட்டியோட 40 டிகிரி துளையில நிறுத்துங்க, ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி. கத்தியை நேரா செங்குத்தாப் பிடிச்சு, பிடிப் பக்கத்திலிருந்து நுனிக்கு இழுத்துக்கிட்டே கீழே இறக்கணும், இடது ஒண்ணு, வலது ஒண்ணு. சொரசொரப்பு கூடின பழுப்பு ராடோட மூலையில பக்கத்துக்கு 20 இழுப்பு, அப்புறம் தட்டைப் பக்கத்துல 20. மூலையில தொடற இடம் குறைவு, அதனால வேகமா வெட்டும். மீனுக்குப் பழுப்போட நிறுத்திக்கங்க, கொஞ்சம் பல்லு இருந்தாத்தான் வழவழத் தோலைப் பிடிக்கும். நைசான வெள்ளை ராடு காய்கறிக் கத்திக்கு.

எல்லாரும் கோட்டை விடற இடம் நுனி. நுனி ராடை விட்டு வெளிய வழுக்கினா உருண்டையாயிடும். ராடு மேலயே நிறுத்திடுங்க. வாய் வரைக்கும் படுதான்னு சந்தேகமா? மார்க்கர் பேனாவால விளிம்பைக் கறுப்பாக்கிட்டு ரெண்டு இழுப்பு இழுங்க. வாயோட கடைசி விளிம்புல மை அப்படியே இருந்தா உங்க கத்தியோட கோணம் 40ஐ விடப் பெருசு. ராத்திரி முழுக்கத் தீட்டினாலும் கூர் வராது.

வண்ணை_பழசு: சரி, புழக்கத்துல இருக்கிற ராடைக் கழுவுங்க, அதுல சண்டை இல்ல. பெட்டியோட வர்ற முழு செட்டுக்கு நான் சொன்னதுதான். ஷார்ப்மேக்கர் 204 மாடல்னா பழுப்பு 2, வெள்ளை 2, கை காக்கிற பித்தளைக் கம்பி 2, அடிப்பெட்டி, மூடி எல்லாம் சேர்ந்து இருக்கணும். முனை உடைஞ்சு பசை போட்டு ஒட்டினதை விரல் நகத்தால வருடிப் பாருங்க, தடுக்கும்.

அதைவிடப் பெரிய ஏமாத்து, காயலாங்கடை வெள்ளைக் குச்சியை எல்லாம் ஷார்ப்னர்னு தலையில கட்டறது. பீங்கான் ஹீட்டர் குச்சியும் பார்வைக்கு ஒண்ணுதான்.

குருந்தம்: அதுக்குத் தராசு போதும். 10 மில்லிமீட்டர் குறுக்களவு, 20 சென்டிமீட்டர் நீளம்னா கன அளவு சுமார் 15.7 கன சென்டிமீட்டர். கெட்டி அலுமினா 60 கிராம் பக்கம் நிக்கும். பீங்கான்னா 38, 40தான். முக்கோண ராடுன்னா அளவுக்குழாயில தண்ணி விட்டு முக்கிப் பாருங்க, எவ்வளவு ஏறுதோ அதுதான் கன அளவு. நடுவுல ஓட்டை இருந்தா அது உலை வெப்பமானியோட உறைக்குழாயா இருக்கலாம். அதுலயும் அலுமினா உண்டு, கத்தியும் தீட்டும். ஆனா சேகரிப்புல வைக்க ஆகாது.

வண்ணை_பழசு: ஆகாதுன்னு யார் சொன்னது? 'உறைக்குழாய்'னு சீட்டு ஒட்டி வெச்சா தாராளமா வைக்கலாம். ஷார்ப்னர்னு விலை கேட்டாத்தான் தப்பு.

மீன்கத்தி: மார்க்கர் பண்ணிப் பார்த்தா மை வாய் விளிம்புல அப்படியே நிக்குது. 40க்கு மேல துளை இல்லையே, இப்ப என்ன பண்றது?

டர்னர்_தண்டையார்பேட்டை: கல்லுல பின்தோளை, அதாவது வாய்க்குப் பின்னால தடிச்சிருக்கிற இடத்தை, குறைச்சு 40க்குக் கொண்டு வரணும். ராடை அந்த வேலைக்கு இறக்காதீங்க, கை வலிதான் மிச்சம்.