சேலத்துல இருந்து கவுஹாத்திக்கு ட்ரான்ஸ்ஃபர், இருந்தவங்க சொல்லுங்க

சேலத்துக்காரன்82:
வணக்கம் மக்களே. பேங்க்ல ப்ரமோஷன்னு சந்தோஷப்பட்டு முடிக்கறதுக்குள்ள கவுஹாத்தி போஸ்டிங்னு ஆர்டர் வந்துருச்சு. ஏப்ரல்ல ஜாயின் பண்ணனும். வீட்டம்மா, நாலாவது படிக்கற பொண்ணு, மூணு பேரும் போறோம். எனக்கு இந்தி அரைகுறை, அவங்களுக்கு சுத்தமா வராது. குளிர் தாங்குமா, வீடு எங்க பாக்கறது? யூடியூப்ல பாத்தா காமாக்யா கோயிலும் காண்டாமிருகமும் தான் காட்டறாங்க.

லோஹித்_கரை:
மூணு வருஷம் இருந்தேன் சார். குளிருக்கு பயப்படாதீங்க, ஜனவரி ராத்திரி 10, 12 டிகிரி, ஸ்வெட்டர் போதும். உங்கள ஆட்டி வைக்கப் போறது வெளிச்சம் தான். கடிகாரம் நம்ம ஊர் கடிகாரமே, ஆனா ஜூன்ல காலைல நாலரைக்கே விடிஞ்சுரும், டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கே பொழுது சாஞ்சுரும், கேஷ் டேலி பண்ணிட்டு வெளிய வந்தா நடுராத்திரி மாதிரி இருக்கும் மணி பாத்தா ஆறு. முத டிசம்பர்ல என் பையன் அஞ்சரைக்கே தூக்கம் வருதுன்னு படுத்துட்டான். தேயிலை எஸ்டேட்ல கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்ன தள்ளி வச்சு 'பாகான் டைம்'னு வேலை பாக்கறாங்கன்னா பாத்துக்கங்க. கெட்டியான ஸ்க்ரீன் துணி கண்டிப்பா கொண்டு போங்க.

வீட்டுக்கு புரோக்கர் பேச்சை நம்பாம பக்கத்து டீக்கடைல ஜூன் மாசம் தண்ணி எதுவரைக்கும் நிக்கும்னு கேளுங்க. அனில் நகர், நபின் நகர் பக்கம் மழைத்தண்ணி தேங்கறது பிரசித்தம். அப்புறம் பூகம்ப ஏரியா. முத தடவை ஃபேன் ஆடுனப்ப நான் மட்டும் லுங்கியோட தெருவுக்கு ஓடுனேன், பக்கத்து வீட்டுக்காரர் உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தார்.

மாவரைக்கும்_அக்கா:
தம்பி, மொழிய நெனச்சு வீட்டம்மா கவலைப்பட வேணாம். அங்க உள்ளவங்களுக்கும் இந்தி தாய்மொழி இல்லையே, தப்பா பேசுனா யாரும் சிரிக்க மாட்டாங்க, கடைக்காரங்களே எனக்கு அசாமிய கத்துக்குடுத்தாங்க. வீட்டுக்குப் போனா தாமூல் குடுப்பாங்க, நம்ம தாம்பூலம் தான், ஆனா பச்சைப் பாக்கு, பழக்கம் இல்லாதவங்களுக்கு குப்புனு வேர்த்து தலை சுத்தும், கொஞ்சமா வாயில போடச் சொல்லுங்க. ஓட்டல்ல கடுகெண்ணெய் வாசம் எனக்கு கடைசி வரைக்கும் ஒத்து வரல. குளிர்ல இட்லி மாவு புளிக்காது, ராத்திரி கம்பளில சுத்தி வைக்கணும்.

ஏப்ரல் நடுவுல நம்ம வருஷப்பிறப்பு அன்னைக்கு ஒட்டி அவங்களுக்கு பிஹு. அந்த வாரம் சாமான் இறக்கற மாதிரி வச்சுக்காதீங்க, ஆள் கிடைக்க மாட்டாங்க. சிபிஎஸ்இ ஸ்கூல் ஏப்ரல்லயே தொடங்கிரும், அதனால டிசிக்கு இப்பவே சொல்லி வைங்க.

ரயில்_கிறுக்கன்:
கன்னியாகுமரி திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் சேலத்துலயே நிக்கும், இறங்காம கவுஹாத்தி. ரெண்டு ராத்திரிக்கு மேல ஆகும். குழந்தையோட வேணாம், சென்னை போய் ஃப்ளைட் புடிங்க.

சேலத்துக்காரன்82:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வீட்டம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், பூகம்பத்துக்கு ஒண்ணும் சொல்லல, மாவு புளிக்காதுன்னதும் தான் மூஞ்சி மாறிருச்சு. கிரைண்டர் இங்கிருந்தே ஏத்தலாமா அக்கா, இல்ல அங்க கிடைக்குமா?

மாவரைக்கும்_அக்கா:
ஏத்திருங்க தம்பி. கல்லை தனியா சாக்குல சுத்தி கட்டச் சொல்லுங்க, என்னுது வழிலயே விரிசல் விட்டுருச்சு.