மறு: மறு: மறு: மடிக்கணினிக்குள் இரண்டு வரைகலை, எதற்கு என்ன பெயர்?

திருநெல்வேலியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு வீடியோ எடிட்டிங் செய்முறை வகுப்பு. ஞாயிறு இரவுக்குள் குறிப்பு ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும்.

போன வகுப்பில் ஒரு பையனின் மடிக்கணினியில் டைம்லைனை ஓட்டினால் படம் விக்கி விக்கி நின்றது. இரண்டு 4கே துண்டுகளை அடுக்கி நிறத்தில் கை வைத்ததும் மென்பொருளே மூடிக்கொண்டது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஜிபியு 0 (சிபியுவுக்குள் இருக்கும் வரைகலை) மூச்சுத் திணறுகிறது, ஜிபியு 1 (தனி வரைகலைச் சில்லு) சும்மா கிடக்கிறது. விண்டோஸின் வரைகலை அமைப்பில் அந்த மென்பொருளுக்கு மட்டும் 'உயர் செயல்திறன்' கொடுத்ததும் ஓடியது. இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். சிபியுவின், அதாவது மையச் செயலியின், சில்லுக்குள்ளேயே இருப்பது 'ஒருங்கிணைந்த வரைகலைச் செயலாக்க அலகு', தனிச் சில்லாக இருப்பது 'பிரிநிலை வரைகலைச் செயலாக்க அலகு' என்று போட்டேன். இரண்டும் ஒரு வாக்கியத்தில் வந்தால் பத்தியே தீர்ந்துபோகிறது. சின்னதாக இரண்டு சொல் கொடுங்கள்.

சென்னையிலிருந்து:

செய்வது செயலி என்றால் வரைவது 'வரைவி'. உள்வரைவி, தனிவரைவி. வேலை முடிந்தது.

தஞ்சாவூரிலிருந்து:

> வேலை முடிந்தது.

தொடங்கவே இல்லை, தம்பி. அகத்திணை படித்தவனுக்கு வரைவு என்றால் திருமணம். வரைவு கடாதல், அதாவது தலைவனிடம் திருமணத்தை வற்புறுத்துவது, என்று தோழி துறை துறையாகப் பேசுகிறாள். வரைவின் மகளிர் என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு, 92-ஆவது. உங்கள் தனிவரைவியை நான் எப்படிப் படிப்பேன் என்று யோசியுங்கள்.

'பிரிநிலை'யும் வேண்டாம், இலக்கணத்துப் பிரிநிலை ஏகாரம்தான் நினைவுக்கு வருகிறது. படம் வரைவதற்குப் பழைய வினை 'எழுது'. மை தீட்டுவதும் எழுதுவதே: 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்', குறள் 1285. ஆகவே 'எழுதி' என்பது என் முன்மொழிவு.

சென்னையிலிருந்து:

ஐயா, 'எழுதி எழுதி முடிக்கவில்லை' என்று வந்தால் எது பெயர், எது வினையெச்சம்? ஆனால் அந்தக் குறள் பொருத்தம்தான். எழுதும்போது கோல் கண்ணில் படாதது அந்தப் பையனின் மென்பொருளுக்குத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

செயலி என்று நீங்கள் கைப்பேசியில் இறக்குகிறதையும் சொல்கிறீர்கள், உள்ளே கிடக்கிற சில்லையும் சொல்கிறீர்கள். நாங்கள் சில்லுக்கு முறைவழியாக்கி என்று படித்தனாங்கள். நீளம்தான், குழப்பமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், இலக்கணம் பேச வரவில்லை. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு எங்கே என்று யாருமே சொல்லவில்லையே. மெமரியில்தான் இருக்கிறது. சிபியுவோடு ஒட்டியிருப்பதற்குச் சொந்த மெமரி கிடையாது. 8 ஜிபி ராம் என்றால் அதிலேயே பங்கு கேட்கும். தனிச் சில்லுக்கு 4 ஜிபியோ 6 ஜிபியோ தன் பெயரில் உண்டு. ஒரு 4கே சட்டகத்தில் (ஃபிரேமில்) 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். கலர் பார்க்கும் மென்பொருள் புள்ளிக்கு 16 பைட்டு எடுத்துக்கொண்டால் ஒரே சட்டகம் 133 எம்பி. இரண்டு அடுக்கு, நாலு எஃபெக்ட் என்று போனால் பங்குச் சோறு எத்தனை பேருக்குப் பற்றும்?

அதனால் கடையில் நான் சொல்வது: அது கூட்டுக்குடித்தனம், இது தனிக்குடித்தனம். கேட்டவுடன் வாடிக்கையாளருக்குப் புரிகிறது. 'கூட்டுக்குடி', 'தனிக்குடி' என்று வைத்தால் என்ன?

சென்னையிலிருந்து:

அண்ணா, பாலிடெக்னிக் பசங்களிடம் 'தனிக்குடி வேலை செய்யவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு அன்றைக்கு நடக்காது.

தஞ்சாவூரிலிருந்து:

குடி என்பது குடும்பம், குலம், ஊர், நாட்டு மக்கள் எல்லாம். காரைக்குடியும் மன்னார்குடியும் இருக்கும்போது யாரும் சிரிப்பதில்லை. கூட்டு + குடி மிகுவதும் சரியே. குடிசைக்கும் இதுவே வேர் என்பது என் கருத்து, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து:

கூட்டுக்குடி என்றால் ஏதோ வசதி குறைந்தது என்ற தொனி வருகிறதே. கேமராவிலிருந்து வரும் 10-பிட் 4:2:2 எச்.265 கோப்பை (நிற விவரம் கூடுதலாக உள்ள, சுருக்கிய வீடியோவை) இன்டெல் 11-ஆம் தலைமுறைச் சில்லின் உள் வரைகலை சிரமமில்லாமல் விரிக்கும். என்விடியாவின் தனி அட்டைகளில் அதற்கான வன்பொருள் 2025-இல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. சில நேரம் அந்த உள் வரைகலையை அணைத்துவைத்ததுதான் படம் விக்குவதற்கே காரணம். 2020-இல் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்குகளில் தனிக்குடித்தனமே இல்லை, மொத்த நினைவகமும் பொது. அங்கே என்ன சொல்வீர்கள்?

கோயம்புத்தூரிலிருந்து:

சொத்துப் பிரிக்காத பெரிய வீடு என்று சொல்வேன். கூட்டுக்குடி மட்டம் என்று நான் எங்கே சொன்னேன், அம்மா? பங்குச் சோறு பற்றாது என்றுதான் சொன்னேன்.

திருநெல்வேலியிலிருந்து:

மணி பதினொன்று. கை தூக்கியவர்களை எண்ணினேன்: சிங்கப்பூர் மடலில் வந்த 'உள் வரைகலை', அதற்கு ஜோடியாகத் 'தனி வரைகலை'க்கு ஐந்து பேர், குடித்தனத்துக்கு இரண்டு, 'எழுதி'க்கு ஒருவர். உள், தனி என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பையன்கள் எப்படியும் சின்ன கார்டு, பெரிய கார்டு என்றுதான் சொல்லப்போகிறார்கள். குடித்தன விளக்கத்தை வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

கோயம்புத்தூரிலிருந்து:

தனியும் மடிக்கணினிக்கு உள்ளேதானே இருக்கிறது? என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

அச்சுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. உள்வரைகலை என்று சேர்த்து அடித்துவிடாதீர்கள். 'உள்வரை கலை' என்று ஒருவன் பிரித்துப் படித்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவான்.